சேறு கறுத்த வாரங்கள்

ஆய்வுக்கூடம்
ஜனவரி 18

அன்புள்ள வாத்துக்கு,

தராசு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

நீ ஏரி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அங்கே போன் எடுக்காது என்பதால் இனி இந்தச் சீசாப் பெட்டிதான் நமக்குத் தபால். சனிக்கிழமை காலையில் வேன் காலிச் சீசாக்களோடு உன்னிடம் வரும். மாலையில் நீ நிரப்பிய சீசாக்களோடு என்னிடம் திரும்பும். பனிக்கட்டிக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் கடிதத்தை வை. போன தடவை உன் கடிதத்தை நான் பிழிந்துதான் படித்தேன்.

வேலையைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான்கு கம்பு நட்ட இடம், நீருக்கடியில் செடி வளரும் செடிப் பாத்தி. அதற்கு அப்பால் செடியே இல்லாத வெறும் தரை. வாரம் ஒருமுறை இரண்டு இடத்திலும் கண்ணாடிக் குழாயைச் சேற்றில் இறக்கி, ரப்பர் மூடியால் அடைத்து உருவி, சேற்றுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து சீசாவில் நிரப்பவேண்டும். அதில் எவ்வளவு அம்மோனியா என்று நான் அளப்பேன். படகுச் சங்கத்தார் ஏரிச் செடியை முழுக்க வெட்டச் சொல்கிறார்கள். நம் இயக்குநருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. அந்தச் செடியால் நகரத்துக் குடிநீருக்கு நன்மை உண்டா இல்லையா என்று ஜூன் பதினைந்துக்குள் அறிக்கை கொடுக்கவேண்டும். உன் சீசாவும் என் கையெழுத்தும்தான் அதற்கு ஆதாரம்.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மழையே பெய்யாத நாளில் நீ மழை எழுதின கதை இங்கே யாருக்கும் தெரியாது. உன்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவன் நான். என் தலையை வாங்கிவிடாதே.

அண்ணி உனக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

ஆசிகளுடன்,
தராசு


ஏரி நிலையம்
ஜனவரி 25

அன்புள்ள அண்ணா,

உன் முழங்காலுக்குப் படி ஆகாதென்றால் கீழ்த்தளத்தில் நாற்காலி கேட்டு வாங்கு. கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது. அண்ணிக்கு என் அன்பு. டப்பா வந்தது என்று சொல். இங்கே எல்லாம் வழக்கம்போல.

நலம் விசாரிக்கிற கடிதத்திலும் மழையை இழுக்காமல் உன்னால் இருக்க முடியாதா? ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் மழைமானியைப் பார்க்காமல் வீட்டிலிருந்தே எண்களை எழுதினேன். நீ கண்டுபிடித்தாய். கண்டுபிடித்ததோடு நிற்காமல் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாய். என் வேலை போயிற்று. தப்பு என்னுடையது. ஆனால் தங்கையைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்து அன்றைக்குச் சாயங்காலம் நீ நிம்மதியாகச் சாப்பிட்டாயே, அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

போகட்டும், சேற்றுக்கு வருவோம். நீ வெறும் எண்ணைத்தான் பார்க்கிறாய், பாவம். குழாயை உருவினால் செடிப் பாத்தியின் சேறு எப்படி இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு வேரைச் சுற்றியும் துருப்பிடித்த மாதிரி ஒரு பழுப்பு வளையம். வெயிலில் இலை உண்டாக்கும் பிராணவாயுவில் கொஞ்சம் தண்டு வழியாக இறங்கி, வேரிலிருந்து சேற்றுக்குள் கசிகிறது. அந்த வளையத்துக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஒரு நகம் தள்ளி, காற்றே போகாத கறுப்புச் சேற்றில் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. அது நைட்ரேட்டை வாங்கி வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி மேலே விட்டுவிடுகிறது. வந்த வழியே ஆகாயத்துக்குப் போய்விடுகிறது, தொல்லை விட்டது. வெறும் தரையில் இந்த வேலைக்கு ஆளே இல்லை. அம்மோனியா அப்படியே தேங்கி, மேலே தண்ணீரில் கலந்து, உங்கள் வீட்டுக் குழாயைத் தேடி வருகிறது.

இப்படி வேலை செய்கிற செடியை வெட்டவேண்டுமாம். வெட்டச் சொல்கிறவரைக் கொண்டுவந்து இந்தச் சேற்றை முகரச் சொல்லவேண்டும்.

இந்த வருஷம் வெயில் கொஞ்சம் கூடுதல்தான். வேலைக்கு வசதியாக ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று பார்க்கிறேன்.

உன்
வாத்து


ஆய்வுக்கூடம்
மார்ச் 8

அன்புள்ள வாத்துக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலத்தை எழுது. ஆறு வாரமாகச் சீசா மட்டும் வருகிறது, கடிதம் வரவில்லை. ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் சீசாவைப் பற்றிக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பிப்ரவரி முதல் வாரம் செடிப் பாத்தியில் அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம், வெறும் தரையில் 19. நீ எழுதின கதைக்குப் பொருத்தமான எண்கள். பதினைந்தாம் தேதி செடிப் பாத்தி 8. இருபத்திரண்டாம் தேதி 12. போன சனிக்கிழமை 17. வெறும் தரை மட்டும் அதே 19-இல் நிற்கிறது. அதாவது செடி இருக்கிற சேறும் இல்லாத சேறும் ஒன்றாகிவிட்டன.

செடியை யாராவது வெட்டிவிட்டார்களா? வெட்டியிருந்தால் முதல் ஆளாக நீ குதித்திருப்பாய். தண்ணீர் மட்டம் மாறியதா? ஏரிக் காவலர் பதிவேட்டில் அப்படி இல்லை. ஒரே வழிதான் எனக்குப் புலப்படுகிறது. நெஞ்சில் கை வைத்துச் சொல். நீ பாத்திக்குப் போகிறாயா? இல்லை, படகுத்துறைப் பக்கம் குனிந்து இரண்டு சீசாவையும் ஒரே இடத்தில் நிரப்பிவிடுகிறாயா?

வெயில் கூடுதல் என்று எழுதியிருந்தாய். "வசதியாக ஒரு ஏற்பாடு" என்றும் எழுதியிருந்தாய். அந்த ஏற்பாடு என்ன என்று எனக்குத் தெரியவேண்டும்.

ஆசிகளுடன்,
தராசு


ஏரி நிலையம்
மார்ச் 15

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தாங்களும் அண்ணியும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கே எல்லாம் வழக்கம்போல.

தாங்கள் கேட்ட கேள்விக்கு நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். சனிக்கிழமை மாலை வரும் பெட்டியை அன்றைக்கே திறக்கிறீர்களா? இல்லை, திங்கட்கிழமை வரை உங்கள் மேசையில் பனிக்கட்டி உருகித் தண்ணீராகி, சீசாவெல்லாம் வெந்நீரில் குளிக்கிற மாதிரி கிடக்கிறதா? சூடேறின சீசாவில் அம்மோனியா என்ன ஆட்டம் ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

நான் வாரா வாரம் பாத்திக்குப் போகிறேன். அதே நான்கு கம்புக்கு நடுவில்தான் குழாயை இறக்குகிறேன். எண் மாறியதற்குக் காரணம் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன். இதிலாவது பழைய வாத்து இல்லை என்று உங்களுக்குப் புரியவேண்டாமா?

இப்படிக்கு,
களப்பணியாளர்


ஆய்வுக்கூடம்
மார்ச் 29

அன்புள்ள வாத்துக்கு,

கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும் என்பது ஊரறிந்த விஷயம். 'தாங்கள்' வரைக்கும் போயிருக்கிறாய் என்றால் நன்றாகவே சுட்டிருக்கிறது. நாங்கள் நலம். நீ நலம்தானே?

பெட்டியை அன்றைக்கே திறக்கிறேன். வேன்காரர் சாட்சி.

இப்போது நீ பதில் சொல். போன சனிக்கிழமை வந்த சீசாக்களில் செடிப் பாத்தி 17.3. வெறும் தரையும் 17.3. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் தசமப் புள்ளி வரைக்கும் ஒரே எண். இரண்டு வெவ்வேறு இடத்துச் சேறு இப்படி ஒத்துப்போகுமா? இரட்டைப் பிள்ளைகள்கூட இப்படி ஒத்துப்போக மாட்டார்கள். ஒரே சேற்றை இரண்டு சீசாவில் ஊற்றி, இரண்டு லேபிள் ஒட்டியிருக்கிறாய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட முடியவில்லை. சனிக்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உனக்குத் திருப்தியா?

இன்னொன்று. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பிஸ்கட் பிடிக்காது. விருந்தாளி கொடுத்தால்கூட வாங்கி என் சட்டைப்பையில் போடுவாய். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு டப்பா போகிறது. உன் அண்ணி, நாள் முழுக்க மருந்துக்கடை வேலையில் நின்றுவிட்டு வருகிறவள், வந்ததும் வராததுமாக உட்கார்ந்து டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டுகிறாள். என்னவென்று கேட்டேன். "உங்க தங்கச்சி பசி தாங்க மாட்டா. எல்லாத்துலயும் மூக்கை நுழைக்காதீங்க"ன்னு ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் காதில் பூ சுற்றுகிறீர்கள். என்ன பூ என்றுதான் தெரியவில்லை.

தராசு


ஏரி நிலையம்
ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணா,

ஒழுங்காகச் சாப்பிடு. நீ பட்டினி கிடந்தால் அண்ணி என்னைத்தான் திட்டுவாள். இங்கே எல்லாம் வழக்கம்போல.

பிடித்துவிட்டாய், சபாஷ். அது ஒரே சேறுதான். வேண்டுமென்றேதான் இரண்டு சீசாவில் ஊற்றினேன். நீ நிஜமாகவே அளக்கிறாயா, இல்லை, என்மேல் சந்தேகம் வந்த பிறகு வாய்க்கு வந்த எண்ணை எழுதி என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. 17.3, 17.3 என்று நீ எழுதினதைப் படித்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. தராசு சரியாகத்தான் இருக்கிறது. நிஜச் சீசாக்களை அன்றே தனியாக எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். இன்று இந்த வாரத்தவற்றோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பச்சை லேபிள் ஒட்டியிருக்கும்.

நீ மட்டும் யோக்கியமா? போன வாரம் வேன்காரர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படகு எத்தனை மணிக்குப் போவுது, எத்தனை மணிக்கு வருதுன்னு உங்க அண்ணன் பாத்துட்டு வரச் சொன்னாரு. எனக்கு இந்த வேலையெல்லாம் வராதுக்கா"ன்னு உளறிவிட்டார். அண்ணன் தங்கைக்கு நடுவில் ஒற்றன் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டோம். அதுவும் பொய் சொல்லத் தெரியாத ஒற்றன்!

படகு காலை ஒன்பதரைக்குப் போகிறது. பன்னிரண்டுக்கு வருகிறது. இனி என்னையே கேள்.

டப்பாவைப் பற்றிக் கேட்காதே. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் குற்றம்.

வாத்து


ஆய்வுக்கூடம்
ஏப்ரல் 19

அன்புள்ள வாத்துக்கு,

முழங்கால் பரவாயில்லை. கீழ்த்தளத்து நாற்காலி கிடைத்துவிட்டது. உன் சௌக்கியத்தை இரண்டு வரி கூடுதலாக எழுதினால் குறைந்து போய்விடமாட்டாய்.

ஒற்றன் வைத்தது தப்புதான். அதை விடு. இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிற இக்கட்டைக் கேள்.

பச்சை லேபிள் சீசாக்களை அளந்தேன். செடிப் பாத்தி 17, வெறும் தரை 19. புதியவையும் அப்படியே. இயக்குநர் நேற்று என் மேசைக்கே வந்து, தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதான் ஒண்ணும் வித்தியாசம் இல்லையே சார். செடியால பிரயோஜனம் இல்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, ஜூலையில வெட்டுற மிஷினை இறக்கிடலாம்." நான் தலையை ஆட்டிவைத்தேன். அந்த ஒரு வரியை எழுதினால் ஏரி முழுக்கச் செடி போய்விடும். அத்தனை சேற்றிலிருந்தும் அம்மோனியா கிளம்பி ஊர் குடிக்கிற தண்ணீருக்கு வரும்.

உன்னை நம்பினால் செடி போகும். நம்பாவிட்டால் உன் வேலை போகும். ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இவ்வளவு யோசனை வரவில்லை. வயசாகிவிட்டது போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சேற்றைப் பிழியாதே. பாத்தியின் நடுவிலிருந்து இலை, வேர், சேறு எல்லாமாக ஒரு முழுக் குழாயை அப்படியே அடைத்து அனுப்பு. என் கண்ணால் பார்க்கிறேன்.

தராசு


ஏரி நிலையம்
மே 3

அண்ணா,

குழாய் வருகிறது. ஆடாமல் இருக்க ஈரத்துணி சுற்றியிருக்கிறேன். வேன்காரர் பிள்ளையை வைத்துக்கொள்வது போல மடியில் வைத்துக்கொண்டே ஓட்டுவதாகச் சொல்கிறார். சிரிக்காதே.

கை ஒழியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. இங்கே எல்லாம் வழக்கம்போல.

நான் பொய்யாக எதையும் எழுதவில்லை, அண்ணா.

வாத்து


ஆய்வுக்கூடம்
மே 10

அன்புள்ள வாத்துக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற வழக்கத்தை இந்தக் கடிதத்தில் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

சனிக்கிழமை மாலையே குழாயை நீளவாக்கில் அறுத்துத் திறந்தேன். செடி இருந்தது. வேர் இருந்தது, அடர்த்தியாகவே இருந்தது. படகுத்துறையில் இந்தச் செடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே நீ பாத்திக்குத்தான் போயிருக்கிறாய். இரண்டு மாதமாக உன்னைத் திருடி என்று நினைத்தேன். மன்னித்துவிடு. இதை நேரில் சொல்லியிருந்தால் நாக்கு புரண்டிருக்காது, எழுதவே கை கூசுகிறது.

ஆனால் வேரைச் சுற்றிப் பழுப்பு வளையம் இல்லை. ஒரு வேருக்குக்கூட இல்லை. சேறு முழுக்கக் கறுப்பு, அழுகின நாற்றம். இலைகள் வெளிறி, நூல் மாதிரி மெலிந்து, வழக்கத்தைவிட ஒரு மடங்கு நீண்டிருந்தன. வெளிச்சத்தைத் தேடி நீண்ட இலைகள். நீயே ஜனவரியில் எழுதினாய், வெயிலில் இலை உண்டாக்கும் பிராணவாயுதான் வேர்வழியாக இறங்குகிறது என்று. வெயில் இல்லையென்றால் வேர் எதை விடும்?

வேன்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன், அந்த நாலு கம்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று. "உங்களுக்குத் தெரியாதா சார்? அக்கா பிப்ரவரியிலயே டிரம்மெல்லாம் சேத்துக் கட்டி மிதவை செஞ்சு, மேல தார்ப்பாய் போட்டு, வீடு மாதிரி வெச்சிருக்காங்களே. அந்தக் கம்புலதான் கட்டியிருக்காங்க"ன்னார். வசதியான ஏற்பாடு!

அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டேன். மூன்று மாதத்துப் புதிர் ஒரு தார்ப்பாய்தானா என்று. வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பிகூடப் போடாமல் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவள் நீ. வாத்து என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான். உனக்கு எதற்குக் கூரை?

நம் வீட்டில் ஒருத்திக்குத்தான் வெயில் ஆகாது. திரைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டறையில் உட்கார்ந்திருப்பாள். துணி காயப்போடக் குடை பிடித்துக்கொண்டு போவாள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவள் கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். விரல் மூட்டு வீங்கி, எழுத்து கோணலாகிவிடும்.

டப்பாவில் என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு வந்தது உனக்கு வந்திருக்கிறதா? நலமா என்று இப்போதுதான் நிஜமாகக் கேட்கிறேன்.

அண்ணன்


ஆய்வுக்கூடம்
மே 31

வாத்து,

மூன்று வாரமாக நீ ஒரு வரி எழுதவில்லை. சீசா மட்டும் வருகிறது. ஆனால் சீசா எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பதினேழாம் தேதி செடிப் பாத்தி 13. இருபத்துநான்காம் தேதி 9. நைட்ரேட்டும் மறுபடி தலைகாட்டுகிறது. இந்த எண்ணுக்காக நான் பிப்ரவரியிலிருந்து காத்திருந்தேன். ஆனால் எண் குறையக் குறைய எனக்குப் பயம் ஏறுகிறது. செடிக்கு வெயில் பட்டிருக்கிறது என்றால் உனக்கும் பட்டிருக்கிறது. என் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூரையைப் பிரித்துவிட்டாய். வெட்டவெளியில் நின்று குழாயை இறக்குகிறாய். பைத்தியமா உனக்கு? கூரையை மறுபடி போடு. அம்மோனியா எக்கேடாவது கெட்டுப் போகட்டும்.

அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டிசம்பரிலேயே உனக்கு இது என்று தெரிந்ததாம். டப்பாவில் மாத்திரையாம். "உங்ககிட்ட சொன்னா நீங்க நேரா போய் மேல எழுதிக் குடுத்துடுவீங்க, களத்துக்குத் தகுதியில்லன்னு அவளை அனுப்பிடுவாங்கன்னு பயந்தா. நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல"ன்னு சொல்லிவிட்டு அழுதாள். இருபது வருஷம் என்னோடு வாழ்ந்தவளுக்கே அந்த நம்பிக்கை இல்லை. நான் எப்படிப்பட்ட மனுஷனாக இருந்திருக்கிறேன், பார்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். ஒவ்வொன்றிலும் "இங்கே எல்லாம் வழக்கம்போல." என் முழங்காலைப் பற்றி விசாரித்திருக்கிறாய், சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய், உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. தசமப் புள்ளியைச் சந்தேகப்பட்டவன் இந்த வரியைச் சந்தேகப்படவில்லை.

அறிக்கையை எழுதிவிட்டேன், பிரதி இத்துடன் இருக்கிறது. நடந்த தப்பே நமக்குச் சாட்சியாகிவிட்டது. அதே செடி, அதே சேறு. வெளிச்சத்தை மறைத்ததும் 4 இருந்தது 17 ஆயிற்று. மறைப்பை எடுத்ததும் 9 ஆயிற்று. செடி உயிரோடு வேலை செய்வதால்தான் சேறு சுத்தமாகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இயக்குநர் இனி வாய் திறக்க முடியாது.

ஆனால் கூரை எதற்கு என்று கேட்பார்கள். அதனால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "பிப்ரவரி எட்டாம் தேதி முதல், ஒளியின் பங்கை அறியும் பொருட்டு, கீழே கையொப்பமிட்டவரின் உத்தரவின்படி பாத்தியின் மேல் கூரை போடப்பட்டது."

நான் உத்தரவு எதுவும் போடவில்லை. அது உனக்கும் தெரியும். மழையே பெய்யாத நாளில் நானும் மழை எழுதிவிட்டேன். எழுதின அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டேன்.

நீ கையெழுத்துப் போட்டு அடுத்த வேனில் அனுப்பு.

அண்ணன்


ஏரி நிலையம்
ஜூன் 7

அன்புள்ள அண்ணா,

உன் அறிக்கையை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். நீ எனக்காக ஒரு பொய் எழுதுவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் வாயை முகர்ந்து பார்த்திருப்பேன்.

முதலில் கூரைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தவளே நான். பிறகு எப்படி அதன் தலையில் தார்ப்பாயைக் கட்டினேன்? மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஜனவரியில் படகில் நின்றால் முகம் பற்றி எரியும், ராத்திரி விரலை மடக்க முடியாது. மிதவை கட்டி அந்த நிழலில் முதல் நாள் உட்கார்ந்தபோது அவ்வளவு சுகமாக இருந்தது, அண்ணா. கம்பு தயாராக நின்றது, அதிலேயே கயிற்றைக் கட்டினேன். எனக்கு இவ்வளவு நல்லது செய்கிற ஒன்று கீழே இருப்பவர்களுக்குக் கெடுதல் செய்யும் என்று தோன்றவே இல்லை. எண் ஏறின பிறகும் தோன்றவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டேன், பெட்டியைச் சந்தேகப்பட்டேன், வேன்காரரின் பனிக்கட்டியைக்கூடச் சந்தேகப்பட்டேன். என் தலைக்கு மேலே மட்டும் பார்க்கவில்லை.

மிதவையை இப்போது வெறும் தரைப் பக்கம் இழுத்துக் கட்டிவிட்டேன். அங்கே கெடுவதற்குச் செடி இல்லை. பாத்தியில் அரைமணி நேரம்தான் வேலை, அதற்குக் குடை பிடித்துக்கொள்கிறேன். வேன்காரர் சனிக்கிழமைகளில் குடை பிடிக்க வருகிறார். அவர் பிடிக்கிற குடை எனக்கு இல்லாமல் அவருக்குத்தான் நிழல் கொடுக்கிறது. இந்த வாரம் பாத்தியைக் குனிந்து பார்த்தேன், இலைகளில் பச்சை திரும்புகிறது. குழாயில் ஒரு வேரைச் சுற்றி மெல்லிசாகப் பழுப்பு தெரிந்தது. ஒரே ஒரு வேர்தான். உனக்குக் காட்டவேண்டும் போலிருந்தது.

உன் வரியில் நான் கையெழுத்துப் போடவில்லை. அடித்துவிட்டேன். கோபப்படாதே. ஒரு வாரம் மழையைக் கற்பனை செய்து எழுதினதற்கு ஏழு வருஷம் உன் கண்ணை நேராகப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன். அந்த ஏழு வருஷம் உனக்கும் வேண்டாம். தவிர, இவ்வளவு நல்ல அறிக்கையில் ஒரு வரி பொய் என்று பின்னால் தெரிந்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம் செடியை வெட்டத்தான் வெட்டுவார்கள். உன் வரி இருந்த இடத்தில் என் கையால் இதை எழுதியிருக்கிறேன்:

"களப்பணியாளருக்கு உடல்நலக் காரணத்தால் வெயில் ஆகாது. அதனால் அவராகவே, யாரிடமும் சொல்லாமல், பாத்தியின் மேல் கூரை போட்டார். அதன் கீழ் இருந்த செடிக்கு நிழல் ஆகவில்லை."

கீழே என் கையெழுத்து இருக்கிறது. கோணலாக இருக்கும், பேனாவின் குற்றம் இல்லை. டாக்டர் சான்றிதழையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். இரண்டையும் இயக்குநரிடம் நீயே கொடு. களத்துக்கு லாயக்கில்லை என்று அவர் அனுப்பிவிடலாம். உள்ளே உட்கார்ந்து சேறு பிழிகிற வேலை ஏதாவது இருந்தால் கேட்டுப் பார். இந்தத் தடவை என்னைப் பற்றி மேலே போய்ச் சொல்ல உனக்கு என் சம்மதம் உண்டு.

முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியைத் திட்டாதே, நான்தான் சத்தியம் வாங்கினேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு வாரம் ஆகிவிட்டது. இங்கே எதுவும் வழக்கம்போல இல்லை. சிறுநீரகம் சரியாக வடிகட்டாமல் ரத்தத்தில் யூரியா கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், அதுவும் நைட்ரஜன் சரக்குதான், உன் மேசைக்கு வரவேண்டியது. அம்மாவுக்கும் அங்கேதான் ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பகலெல்லாம் வேலையில் மறந்திருக்கிறேன். வேலை முடிந்து படகைக் கட்டும்போது பயம் வந்துவிடுகிறது.

நான் நலமாக இல்லை, அண்ணா. அடுத்த சனிக்கிழமை காலிச் சீசாக்களோடு வேனில் நீயும் ஏறி வா.

உன்
வாத்து